ரப்பர் பாலும் தலைமுடியும்: அழகுக் கலை மாணவியின் முதல் பாடங்கள்

சுங்கை ஊடாங், மஸ்ஜித் தானா, அலோர் காஜா வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில், எஸ்.பி.எம். முடித்த பிள்ளை "அழகுக் கலை படிக்கப் போகிறேன்" என்றால் வீட்டில் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும். "அதற்கு எதற்குப் படிப்பு? கை பழகினால் போதாதா?" என்பது ஒன்று. "நாலு கல்யாணப் பெண்ணுக்கு ஒப்பனை செய்தால் கையில் காசு புழங்கும்" என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஒழுங்கான பயிற்சி நிலையத்தில் சேரும் மாணவிக்கு முதல் நாளில் கத்தரிக்கோலும் கிடைக்காது, வண்ணப் பெட்டியும் கிடைக்காது. கை கழுவுவது, தோலின் அடுக்குகள், முடியின் அமைப்பு, அமிலம், காரம் என்று பாடம் தொடங்கும். பள்ளியில் அறிவியலைக் கண்டு ஓடியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. புருவம் திருத்துவதும் முடி வெட்டுவதும் நூறு முறை செய்தால் கைக்கு வந்துவிடும். யாருக்கு எதைச் செய்யக் கூடாது என்பது அப்படிக் கைக்கு வராது. அதற்கு அறிவியல் தெரிந்திருக்க வேண்டும். நாற்காலியில் அமர்பவரின் தோலும் கண்ணும் சில நேரங்களில் சிறுநீரகமும்கூட அந்த அறிவை நம்பித்தான் இருக்கின்றன.

கை கழுவும் பாடம்

1847ஆம் ஆண்டு வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்ப்பவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். அந்த ஏப்ரல் மாதம் 18 விழுக்காடாக இருந்த தாய்மார் இறப்பு, ஜூனில் 2 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. கிருமிக் கோட்பாடு அப்போது நிலைபெறவில்லை. கை கழுவினால் உயிர் பிழைக்கிறது என்பதை எண்ணிக்கை காட்டியது.

அழகு நிலையம் மருத்துவமனை அல்ல. ஆனால் ஒரே கத்தரிக்கோல், ஒரே நகவெட்டி, ஒரே சவரக் கத்தி பலர் உடலைத் தொடும் இடம் அது. ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த பரப்பிலும் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளி ஒட்டிய கருவி, திங்கட்கிழமை வந்தவரின் நோயைச் சனிக்கிழமை வருபவருக்குக் கொடுக்க முடியும்.

எனவே மாணவி முதலில் மூன்று சொற்களைப் பிரித்தறிய வேண்டும். சோப்பும் நீரும் கொண்டு அழுக்கை நீக்குவது சுத்தம் செய்தல். மருந்துக் கரைசலில் ஊறவைத்துப் பெரும்பாலான கிருமிகளைக் கொல்வது கிருமிநீக்கம். எல்லா உயிரிகளையும், அவற்றின் வித்துகளையும் சேர்த்து அழிப்பது முழுக் கிருமியழிப்பு. இதற்கு 121 பாகை செல்சியசில் 15 நிமிடம் அழுத்த நீராவி தரும் ஆட்டோகிளேவ் கருவி வேண்டும். வரிசையும் மாறக் கூடாது. முடியும் எண்ணெயும் ஒட்டிய சீப்பை நேரே மருந்தில் போட்டால், அழுக்கு கிருமிக்குக் குடை பிடித்துவிடும்.

சாராயக் கரைசலிலும் ஒரு பாடம் உண்டு. 70 விழுக்காட்டுச் சாராயம், ஏறக்குறையத் தூய சாராயத்தைவிட நன்றாகக் கிருமியைக் கொல்கிறது. கிருமியின் புரதம் உருக்குலைய நீரும் தேவை. நீரே இல்லாத சாராயம் கிருமியின் மேற்புறத்தை மட்டும் சட்டென இறுகச் செய்துவிட்டு ஆவியாகிவிடுகிறது. அதேபோல், பல கடைகளில் நீல ஒளியுடன் இருக்கும் பெட்டியை நம்பியும் பயனில்லை. புறஊதா ஒளி படும் பரப்பில்தான் அது வேலை செய்யும். கத்தரிக்கோலின் இடுக்கில் ஒளி படாது.

நூல் கொண்டு புருவம் திருத்தும் நம்மவர் கலையிலும் இதே கவனம் தேவை. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வது பழைய வழக்கம். எச்சில் பட்ட நூல், முடி பிடுங்கப்பட்ட புதிய துளைகளின் மேல் ஓடுகிறது. முனையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளவோ, இரு கைகளால் மட்டும் நூலைக் கையாளவோ இன்று கற்றுத்தருகிறார்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய நூல் அவரோடு குப்பைக்குப் போக வேண்டும்.

நம் தோலைப் படிக்கக் கற்பது

தோலின் மேலடுக்கு எபிடெர்மிஸ். அதன் அடியில் பிறக்கும் செல்கள் மெல்ல மேலே ஏறி, இறந்து, தட்டையாகி, கடைசியில் உதிர்கின்றன. இந்தப் பயணத்துக்கு இளம் வயதினரில் ஏறக்குறைய 28 நாட்கள் ஆகும். "ஒரே வாரத்தில் புதிய தோல்" என்று எழுதிய குப்பியை ஏன் சந்தேகிக்க வேண்டும் என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும்.

தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத் தன்மை கொண்டது. அதன் பி.எச். அளவு பொதுவாக 4.5க்கும் 5.5க்கும் இடையே இருக்கும். இந்த அமிலப் போர்வை, தீய கிருமிகள் பெருகாமல் தடுக்கிறது. சாதாரண சோப்புக் கட்டியோ 9 அல்லது 10 அளவில் காரமானது. முகத்தைக் கறகறவென்று தேய்த்துக் கழுவியபின் இழுத்துப் பிடிப்பது போன்ற உணர்வைச் சுத்தத்தின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். போர்வை கலைந்ததன் அடையாளம் அது.

தோலை ஆறு வகையாகப் பிரிக்கும் அளவுகோலை ஹார்வர்டின் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975இல் வகுத்தார். வெயிலில் எளிதில் கருகும் வெளிர் தோல் முதல் வகை. கருகாத ஆழ்ந்த கருந்தோல் ஆறாவது. தமிழர்களில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையிலான வகைகளில் வருவர். ஆனால் அழகுக் கலைப் பாடநூல்களின் படங்களில் பெரும்பாலும் வெளிர் தோலே இருக்கும். எரிச்சல் வந்தால் "சிவக்கும்" என்று நூல் சொல்லும். நம் தோலில் அது கருஞ்சிவப்பாகவோ, ஊதாச் சாயலாகவோ, வெறும் கறுப்பு நிழலாகவோதான் தெரியும். சிவப்பைத் தேடும் மாணவி ஆபத்தின் முதல் அறிகுறியைத் தவறவிடுவாள். கண்ணோடு விரலையும் பயன்படுத்த வேண்டும். அந்த இடம் சூடாக இருக்கிறதா, தடித்திருக்கிறதா, வாடிக்கையாளருக்கு எரிகிறதா என்று தொட்டும் கேட்டும் அறிய வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கருந்தோலில் மெலனின் செய்யும் செல்கள் காயத்துக்கு விரைவாக எதிர்வினை காட்டும். சூடான மெழுகு, அளவுக்கு மீறிய தேய்ப்பு, முகப்பருவைப் பிதுக்குதல் ஆகியவை ஆறிய பின்னும் மாதக்கணக்கில் கறுப்புத் தழும்பை விட்டுச் செல்லும். மெழுகு பூசி முடி நீக்கும் முன் "பருவுக்கு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்பது கட்டாயம். ஐசோட்ரெட்டினோயின் உட்கொள்பவரின் தோல் மெலிந்திருக்கும். மெழுகோடு தோலும் உரிந்து வந்துவிடும். மருந்தை நிறுத்திய பின்னும் சுமார் ஆறு மாதம் காத்திருக்கும்படி அறிவுறுத்தப்படுகிறது.

நெற்றிப் பொட்டும் பாடத்தில் வரும். சில ஒட்டுப்பொட்டுகளின் பசையில் இருக்கும் பாரா டெர்சியரி பியூட்டைல் பீனால் என்ற பொருள், நிறமி செல்களைச் சிதைத்து, பொட்டு வைக்கும் இடத்திலேயே வட்டமான வெண்திட்டை உண்டாக்கக்கூடும். அதை மறைக்க இன்னும் பெரிய பொட்டு வைப்பவர்களும் உண்டு. பொட்டை மாற்றி, தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் முதல் ஆள், புருவம் திருத்த வந்த இடத்தில் இருக்கும் பெண்ணாக இருக்கலாம்.

கந்தகப் பாலங்கள்

மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவரால் தொடங்கப்பட்டது. அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் இந்த மாநிலத் தோட்டங்களில் பால்மரம் வெட்டினார்கள். அந்த ரப்பரின் வேதியியல் தெரிந்தால், தலைமுடியின் வேதியியல் பாதி புரிந்த மாதிரி.

மரத்திலிருந்து வரும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் இறுகும். சார்லஸ் குட்இயர் 1839இல் அதைக் கந்தகத்தோடு சூடாக்கியபோது, நீண்ட ரப்பர் இழைகளுக்கிடையே கந்தகப் பாலங்கள் உண்டாகி உறுதியான பொருள் கிடைத்தது. டயர் உழைப்பது இந்தப் பாலங்களால்தான். தலைமுடியும் அப்படியே. முடியின் கெரட்டின் புரத இழைகளைக் குறுக்கே பிணைத்து நிற்பவை கந்தகப் பாலங்களே. முடி கருகும்போது எழும் நாற்றத்துக்கு அந்தக் கந்தகமும் ஒரு காரணம்.

முடியில் இரண்டாவது வகைப் பிணைப்பும் இருக்கிறது. அது ஹைட்ரஜன் பிணைப்பு. மிக மெலிந்தது, நீர் பட்டாலே விட்டுவிடும், உலர்ந்தால் புதிய இடத்தில் சேர்ந்துகொள்ளும். ஈர முடியைச் சுருட்டி உலர்த்தினால் சுருள் நிற்பது இதனால்தான். கடற்கரையை ஒட்டிய சுங்கை ஊடாங்கில், காலையில் சூட்டுக் காற்றால் நேராக்கிய முடி மாலைக்குள் மீண்டும் சுருள்வதும் இதனால்தான். காற்றின் ஈரம் போதும். இது கைத்திறனின் குறை அல்ல என்று தெரிந்தால், மாணவி தன்னையும் நொந்துகொள்ள மாட்டாள். கூடுதல் சூடு வைத்து வாடிக்கையாளரின் முடியையும் கருக்க மாட்டாள்.

நிரந்தரமாகச் சுருட்டவோ நேராக்கவோ வேண்டுமானால் கந்தகப் பாலத்தையே அறுக்க வேண்டும். ஜெர்மனியில் பிறந்த கார்ல் நெஸ்லர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் மின்சாரத்தால் சூடேற்றிய உலோக உருளைகளைக் கொண்டு இதைச் செய்து காட்டினார். இன்று தயோகிளைகோலிக் அமிலத்தின் உப்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. முதல் கரைசல் பாலங்களை அறுக்கிறது, முடி புதிய வடிவத்தில் பிடித்து வைக்கப்படுகிறது, பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு பாலங்களை மீண்டும் கட்டுகிறது. 'ரீபாண்டிங்' என்று நாம் சொல்வதன் அடிப்படை இதுதான். முதல் கரைசலை அளவுக்கு மீறி விட்டுவைத்தால் முடி, கந்தகம் சேர்க்காத ரப்பர் போல இழுத்த பக்கமெல்லாம் நீண்டு அறுந்துபோகும். முன்பே சாயம் ஏற்றிய முடியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். கடிகாரத்தைப் பார்ப்பதும், ஓரிழையில் சோதித்துப் பார்ப்பதும் கத்தரிக்கோல் பிடிப்பதைப் போலவே அடிப்படைத் திறன்கள்.

பாட்டி தேய்த்த தேங்காய் எண்ணெய்க்கும் இங்கே இடமுண்டு. அதில் மிகுந்திருக்கும் லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு. அது முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்பதை இந்திய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கனிம எண்ணெய் மேலே பளபளப்பு மட்டுமே தருகிறது.

48 மணி நேரம் காத்திருக்கத் தெரிய வேண்டும்

நரை மறைக்கும் நிலைத்த சாயங்களில் பலவற்றில் பாரா பினைலீன் டையமின் இருக்கிறது. சுருக்கமாக பி.பி.டி. இது அமோனியாவின் உதவியால் முடிக்குள் நுழைந்து, பெராக்சைடோடு வினைபுரிந்து, பெரிய வண்ண மூலக்கூறாகி வெளியே வர முடியாமல் தங்கிவிடுகிறது. சிலருக்கு இதே பொருள் கடும் ஒவ்வாமையைத் தரும். கண் இமை வீங்கி மூடிக்கொள்ளும், தலைத்தோல் நீர் கோக்கும். பத்து முறை சாயம் பூசி ஒன்றும் ஆகாதவருக்குப் பதினோராவது முறை வரலாம். அதனால் ஒவ்வொரு முறையும், சாயம் பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பு காதின் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிது தடவிப் பார்க்க வேண்டும்.

மருதாணியிலும் கவனம் தேவை. உண்மையான மருதாணி இலையின் லாசோன் என்ற நிறமி, தோலின் கெரட்டினோடு ஒட்டி, ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பாக மெல்லத்தான் சிவக்கும். அரை மணியில் கன்னங்கரேலென்று ஏறும் 'கறுப்பு மருதாணி'யில் பெரும்பாலும் பி.பி.டி. கலந்திருக்கும். அது கொப்புளமும் தழும்பும் தருவதோடு நிற்காது. ஒருமுறை உடல் அதை எதிரியாகக் குறித்துக்கொண்டால், பிற்காலத்தில் தலைச்சாயமும் பூச முடியாமல் போகும். நாளை திருமணம், இன்று கறுப்பாக வேண்டும் என்று கேட்கும் மணப்பெண்ணிடம் மறுப்பது வருமான இழப்புதான். ஆனால் கொப்புளம் வந்தால் புகைப்படம் முழுக்க அதுதான் இருக்கும்.

முகப்பூச்சுக் குப்பியை வாசிப்பது

பாசார் மாலாமிலும் இணையத்திலும் கிடைக்கும் சில வெளுப்புக் களிம்புகள் ஏன் அவ்வளவு விரைவாக வேலை செய்கின்றன? பாதரசம் ஒரு காரணம். மெலனின் உருவாகத் தேவையான டைரோசினேஸ் என்ற நொதியை அது முடக்குகிறது. தோல் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்குகிறது. கர்ப்பிணி பூசினால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். அந்தத் தாயின் கன்னத்தோடு கன்னம் வைக்கும் குழந்தைக்கும் போகும்.

ஆசியான் நாடுகளின் பொது விதிப்படி அழகுப் பொருளில் பாதரசம் சேர்க்கக் கூடாது. மாசாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின் போன்றவை மருந்துகள். அவற்றை மருத்துவ மேற்பார்வையில்தான் பயன்படுத்த வேண்டும். மலேசியாவில் விற்கப்படும் ஒவ்வோர் அழகுப் பொருளும் சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிக்கப்பட வேண்டும். அப்படி அறிவிக்கப்பட்டதற்கு 'என்.ஓ.டி.' என்ற எழுத்துகளில் தொடங்கும் எண் கிடைக்கும். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையத்தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். தடை செய்யப்பட்ட பொருள் கலந்ததால் அறிவிப்பு ரத்தான பொருள்களின் பெயர்களும் அங்கே வெளியிடப்படுகின்றன. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். இந்த எண், பொருள் பலன் தரும் என்பதற்கான சான்று அல்ல. அதற்குப் பொறுப்பேற்க ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதற்கான அடையாளம்.

வாடிக்கையாளர் தம் கைப்பையிலிருந்து பெயர்ச்சீட்டு இல்லாத சிறு குப்பியை எடுத்து, "இதைப் பூசினால் நல்லா வெளுக்குது பாரும்மா" என்பார். "ஆன்ட்டி, இதில் எண்ணே இல்லையே, உள்ளே என்ன இருக்குன்னும் போடலையே. கொஞ்ச நாள் நிறுத்திட்டு கிளினிக்கில் காட்டிப் பாருங்களேன்" என்று பணிவாகச் சொல்ல மாணவி பழக வேண்டும். மருத்துவர் கேட்காத கேள்வியைக்கூட அழகு நிலையத்தில் பேச்சோடு பேச்சாகக் கேட்க முடியும். பூமத்திய ரேகைக்கு இரண்டு பாகை வடக்கே இருக்கும் மலாக்காவில், நண்பகல் புறஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணம். வெயிலில் வேலை செய்யும் பெண்ணுக்கு வெளுப்புக் களிம்பைவிட 30 எஸ்.பி.எஃப். கொண்ட பூச்சும் அகன்ற தொப்பியும் அதிகம் உதவும்.

தன் கையைக் காப்பது

இந்தத் தொழிலை இடையில் விடுபவர்களில் பலர் கை தோலழற்சியால் விடுகிறார்கள். ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரமாக இருந்தாலே தோலின் தடுப்புச் சுவர் பலவீனமாகிறது. புதிதாகச் சேர்பவருக்கு நாள் முழுக்கத் தலை கழுவும் வேலைதான் கிடைக்கும். ஆகவே ஆபத்தும் அவருக்கே முதலில். விரலிடுக்கில் வறட்சி, வெடிப்பு, அரிப்பு என்று தொடங்கும். அதில் சாயமும் சுருட்டும் கரைசலும் பட்டால் ஒவ்வாமையாக மாறும்.

சுங்கை ஊடாங் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ரசாயனம் கையாளும் ஊழியரைக் கையுறை இல்லாமல் யாரும் உள்ளே விடமாட்டார்கள். நான்கு நாற்காலி போட்ட அழகு நிலையத்திலும் கையாள்வது ரசாயனம்தான். உலகிலேயே அதிகமாக மருத்துவக் கையுறை செய்யும் நாட்டில் இருந்துகொண்டு வெறுங்கையால் சாயம் கலப்பதில் பொருளில்லை. சாயத்துக்கும் செயற்கை நகப் பசைக்கும் நைட்ரைல் கையுறை ஏற்றது. ரப்பர் பால் கையுறை சிலருக்கே ஒவ்வாமை தரும். ஒருமுறை அணிந்ததைக் கழுவி மீண்டும் அணியக் கூடாது. வேலை முடிந்ததும் வாசனையற்ற ஈரக்களிம்பு தடவிக்கொள்வதும் தொழிலின் பகுதியே.

எல்லையும் சான்றிதழும்

ஊசி போடுவது, மச்சம் எடுப்பது, தோலுக்குள் மருந்து செலுத்துவது ஆகியவை மருத்துவச் செயல்கள். மலேசியாவில் அவற்றைச் செய்ய, பதிவு பெற்ற மருத்துவருக்கும் அழகியல் மருத்துவத்துக்கான தனி அனுமதி வேண்டும். மூன்று நாள் வகுப்பில் "குளூட்டாதையோன் ஊசி" கற்றுத்தருகிறோம் என்று யாராவது சொன்னால், அந்த வகுப்பைவிட்டு வெளியே வருவதே நல்லது. நிறம் மாறும் மச்சம், ஆறாத புண், திட்டுத்திட்டாக முடி கொட்டுதல் ஆகியவற்றைக் கண்டால் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும்.

முறையாகப் படிக்க விரும்புவோருக்கு மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழ் இருக்கிறது. 2006ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் இதற்கு அடிப்படை. மூன்று நிலைச் சான்றிதழ்களுக்குப் பிறகு நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை மேல் டிப்ளோமா என்று ஏறலாம். ஏற்கெனவே பல ஆண்டுகள் கடையில் வேலை செய்தவர்கள், அனுபவத்தை ஆவணமாக்கிக் காட்டிச் சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. தகுதியுள்ளோர் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தில் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். இந்திய முடிதிருத்தும் நிலையங்களுக்கு 2009 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர் எடுப்பது முடக்கப்பட்டிருந்ததும், 2023இல் ஜவுளி, நகைத் தொழிலோடு சேர்த்து 7,500 பேருக்கு அரசு இணங்கியதும் நமக்குத் தெரியும். உள்ளூரில் முறையாகக் கற்ற கைகளுக்கு இடம் இருக்கிறது என்பதையே அது காட்டுகிறது.

கட்டணம் கட்டும் முன் பெற்றோர் நான்கு கேள்விகள் கேட்கலாம். இந்த நிலையம் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்றதா? எந்த நிலைச் சான்றிதழ் கிடைக்கும்? கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் இடத்தைக் காட்ட முடியுமா? பயிற்சியில் கையுறை தருவார்களா? முதல் இரண்டுக்கு எல்லா இடத்திலும் பதில் தயாராக இருக்கும். பின்னிரண்டுக்குத் தயங்காமல் எழுந்து இடத்தைக் காட்டும் நிலையத்தில் பிள்ளையைச் சேர்க்கலாம்.